கேள்வி-பதில்: புதிர் கேம் வாங்கும் முன்

கே: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு புதிர் சாகச கேம் வாங்கினேன். 3 புதிர்தான் போட்டிருப்பேன், பிடிக்கவில்லை. ரீஃபண்ட் கேட்டால் 2 மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதாகச் சொல்லி மறுக்கிறார்கள். நான் ஆடியது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. இது ஏமாற்று இல்லையா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: ஏமாற்று இல்லை. ஆனால் உங்கள் எரிச்சல் நியாயம். ஸ்டீமின் விதி, வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள். இதில் ஆடிய நேரம் என்பது கேம் திறந்து கிடந்த நேரம். நோட்டில் கட்டம் போட்டு யோசித்தது, நடுவே சாப்பிடப் போனது, அப்படியே நிறுத்திவிட்டு போன் பேசியது எல்லாம் கணக்கில் ஏறிவிடும். சுட்டுத் தள்ளும் கேமுக்கு இதனால் பெரிய பாதகமில்லை. திரையை விட்டு விலகி யோசிப்பதே பாதி ஆட்டமாக இருக்கும் புதிர் கேமுக்குத்தான் இடிக்கிறது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். டவுன்லோட் ஆகும் நேரம் கணக்கில் வராது, அதற்குப் பதற வேண்டாம். திறந்ததும் முதல் 20 நிமிடத்தில் பார்க்க வேண்டியது புதிரை அல்ல, கணினியை: லேப்டாப் சூடாகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, கேமரா திரும்பும்போது தலை சுற்றுகிறதா. புதிரில் மாட்டிக்கொண்டால் எஃப்12 அழுத்திப் படம் எடுத்துக்கொண்டு கேமை மூடிவிடுங்கள். யோசனை காகிதத்தில் நடக்கட்டும். ஒன்றரை மணி நேரம் ஓடியதும் முடிவெடுங்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு. முடியாமல் விட்ட ஒரே ஒரு புதிரின் விடையை மட்டும் தேடிப் பாருங்கள். “அட, கண்ணெதிரே இருந்ததே” என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். “இதை எவன் யோசிப்பான்” என்று தோன்றினால் திருப்பிவிடுங்கள்.

அதே கேம் ஜிஓஜி (GOG) என்ற இன்னொரு இணையக் கடையிலும் அதே விலைக்குக் கிடைத்தால் அங்கே வாங்குவது மேல். அங்கே 30 நாள் அவகாசம், ஆடியிருந்தாலும் கேட்கலாம். நிறுவும் கோப்பையும் நீங்களே சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

கே: சூரியக் குடும்பத்தையே புதிராக்கிய கேம் என்று நண்பர் சொன்னார். வாங்கிப் பார்த்தால் துப்பாக்கிச் சண்டை.

ப: நண்பர் சொன்னது அவுட்டர் வைல்ட்ஸ், நீங்கள் வாங்கியது அவுட்டர் வேர்ல்ட்ஸ். இரண்டும் 2019இல் வந்த விண்வெளி கேம்கள். பெயரை முழுதாகப் படித்து வாங்கக் கூடாதா? ஆடிய நேரம் 2 மணி நேரத்தைத் தாண்டுவதற்குள் திருப்பிவிடுங்கள்.

கே: சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் புளூ பிரின்ஸ் கேமை 199 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். யூபிஐயில் கட்டினேன். விண்டோஸில் கட்டளை கொடுக்கும் பவர்ஷெல்லைத் திறந்து ஒரு வரியை ஒட்டச் சொன்னார்கள், ஆன்டிவைரஸையும் நிறுத்தச் சொன்னார்கள். கேம் 2 நாள் ஓடியது. இப்போது ஓடவில்லை, அவர்கள் பதிலும் சொல்வதில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

ப: 199 ரூபாய் போனதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவசரம் வேறு. நீங்கள் ஒட்டிய அந்த ஒரு வரி, வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டியிருக்கிறது. அது என்னென்ன செய்தது என்பது விற்றவருக்குத்தான் தெரியும். கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல், பிறகு வங்கி, பிறகு ஸ்டீம் என்ற வரிசையில் மாற்றுங்கள். மின்னஞ்சல் போனால் மற்றவை எல்லாம் போகும், அதனால்தான் அது முதலில். ஸ்டீமின் கணக்குப் பாதுகாப்புப் (Steam Guard) பக்கத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு முக்கியக் கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். வைரஸ் ஸ்கேன் மட்டும் போதாது.

பணத்துக்கு, யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள், இவர்கள் பிழைப்பதே அந்தக் கூச்சத்தில்தான். தவறு உங்களுடையது அல்ல. கடை மாதிரி பெயர்ப் பலகை, வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் போட்டுத்தான் ஏமாற்றுகிறார்கள்.

மற்றவர்களுக்கு: “ஆஃப்லைன் ஆக்டிவேஷன்” என்று விற்பது கேம் அல்ல. ஒரே ஸ்டீம் கணக்கைப் பலருக்கு விற்பார்கள், இல்லையென்றால் மேலே சொன்ன மாதிரி எதையாவது உள்ளே இறக்குவார்கள். திருட்டு அட்டையில் வாங்கிய கீயாக (கேமைத் திறக்கும் குறியீடு) இருந்தால் பின்னால் ரத்தாகவும் கூடும். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் ரீஃபண்டும் தராது.

கே: போனில் ஒரு எஸ்கேப் ரூம் கேம் இலவசம் என்று இறக்கினேன். 5ஆவது அறைக்கு மேல் ஒவ்வொரு ஹின்ட்டுக்கும் காசு கேட்கிறது. இதுவரை 600 ரூபாய் போய்விட்டது. புதிர்கள் உண்மையிலேயே அவ்வளவு கடினமா, எனக்குத்தான் மூளை இல்லையா?

ப: மூளைக்கு ஒன்றும் குறைவில்லை. பூட்டை விற்பவரே சாவியையும் விற்றால் பூட்டு எப்படி இருக்கும்?

இது புது வியாபாரம் அல்ல. 1980களில் இன்ஃபோகாம் என்ற கேம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட ஹின்ட் புத்தகங்களை விற்றது. கூடவே ஒரு பேனா வரும், தேய்த்தால் விடை தெரியும். சியரா என்ற இன்னொரு நிறுவனம் புத்தகமும் விற்றது, அமெரிக்காவில் நிமிடக் கட்டணத் தொலைபேசி எண்ணும் வைத்திருந்தது. அதே சியராவின் 1990 வெளியீடான கிங்ஸ் குவெஸ்ட் 5இல் கஸ்டர்ட் பை (pie) என்ற பலகாரம் ஒன்று வரும். மலையில் பசி எடுக்கும்போது கையிலிருக்கும் இறைச்சிக்குப் பதில் அதைத் தின்றுவிட்டால், பின்னால் எட்டி என்ற பனிமனிதனின் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. கேம் அதை உங்களிடம் சொல்லவும் சொல்லாது, முன்னால் போகவும் முடியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களோ இல்லையோ, மாட்டிக்கொண்டவர் கை பர்ஸுக்குத்தான் போயிருக்கும். 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3இல் பூனை முடியை டேப்பில் பிடித்து, இனிப்புப் பாகால் ஒட்டி மீசை வைக்க வேண்டும். அதுவும் மீசையே இல்லாத ஒருவர் மாதிரி வேஷம் போட! ஆள்மாறாட்டம் செய்ய வேண்டியவரின் பாஸ்போர்ட்டில் மீசையையும் நாமே வரைந்துவிட வேண்டும். இதைத் தர்க்கம் என்று விற்றார்கள்.

நல்ல புதிர் எப்படி இருக்கும்? தி விட்னஸில் ஹின்ட்டே கிடையாது. ஆனால் ஒவ்வொரு விதியையும் முதலில் தவறு செய்யவே வழியில்லாத அளவு எளிய கட்டத்தில் காட்டி, ஒவ்வொரு படியாக ஏற்றும். தி ரூம் தொடரில் கொஞ்ச நேரம் திணறினால் மூலையில் ஒரு கேள்விக்குறி எழும். முதல் ஹின்ட் லேசாகத் தொடும், கடைசி ஹின்ட் நேராகச் சொல்லும், பைசா கிடையாது. மெஷினேரியம் இன்னும் அழகு. முழு விடைப் புத்தகம் உள்ளேயே உண்டு, ஆனால் திறக்க ஒவ்வொரு முறையும் ஒரு சலிப்பான குட்டி ஆட்டத்தை முடிக்க வேண்டும். சலிப்புதான் விலை. அதற்குப் பயந்தே இன்னும் 5 நிமிடம் யோசிப்போம்.

காசு ஹின்ட் கேமில் இதற்கு நேர்மாறு. துப்பு ஒரு பிக்சல் அகலத்தில் ஒளிந்திருக்கும், அல்லது 4 இலக்க எண்ணுக்கு அந்த அறையில் எந்த ஆதாரமும் இருக்காது. யோசித்தால் வராது, வாங்கினால்தான் வரும். அப்படி ஒன்றுக்கு நானும் தண்டம் அழுதிருக்கிறேன். அந்தக் காசில் தி ரூம் தொடரையே வாங்கியிருக்கலாம்.

இறக்கும் முன் பிளே ஸ்டோரில் ஆப் விவரத்தைத் திறந்து உள்ளே வாங்கும் பொருள்களின் விலையைப் பாருங்கள். இலவசப் புதிர் கேமில் அந்த வரி இருந்தால் பெரும்பாலும் விற்பது ஹின்ட்தான். கடைசியாகக் கட்டிய தொகைக்கு 48 மணி நேரம் ஆகாவிட்டால் கூகுளிடம் ரீஃபண்ட் கேட்டுப் பாருங்கள். மீதிப் பணம் போனதுதான்.

கே: அப்பாவின் பெட்டியில் ரிவென் கேமின் 5 சிடிக்களும் கிடைத்தன. விண்டோஸ் 11இல் ஓடுமா? புதிதாக வந்ததையே வாங்கிவிடவா?

ப: ஓடும், செலவில்லாமல். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஒரு ஃபோல்டர் உருவாக்கி, 5 சிடியிலும் எம்எச்கே (.mhk) என்று முடியும் கோப்புகள் அனைத்தையும் அதில் கொட்டுங்கள். முதல் சிடியில் ஆர்க்ரிவென் (arcriven.z) என்ற கோப்பு இருக்கும், அதையும் மறக்காதீர்கள். பிறகு ஸ்கம்விஎம்மில் கேமைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். சிடி மாற்றும் தொல்லையும் இல்லை. கீறல் விழுந்த சிடியில் நகல் பாதியில் நிற்கும். மெதுவாகத் துடைத்து, வேறு டிரைவில் முயலுங்கள்.

2024இல் வந்தது 1997 கேமின் வெறும் மெருகேற்றம் அல்ல. உள்ளே நடந்து திரியலாம், புதிர்கள் பலவற்றையும் மாற்றிவிட்டார்கள். பழைய வாக்த்ரூ (படிப்படியான விடை வழிகாட்டி) அதற்கு உதவாது. முதலில் அப்பாவின் சிடியை முடியுங்கள்.

பழைய பெட்டி வாங்கித் திரிபவர்களுக்கு 2 எச்சரிக்கை. 2000ஐ ஒட்டி வந்த பல சிடிக்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு உண்டு. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10 முதல் கிடையாது, சிடி நன்றாக இருந்தாலும் ஓடாது. அதற்கும் முந்தைய கேம்களில் பூட்டு காகிதத்தில் இருக்கும். மங்கி ஐலண்டின் முதல் பதிப்பு, சுழலும் அட்டைச் சக்கரத்தில் கடற்கொள்ளையர் முகத்தைப் பொருத்தி ஆண்டைச் சொல்லச் சொல்லும். சக்கரம் இல்லாத பெட்டி அலங்காரப் பொருள். என் அலமாரியில் ஒன்று அலங்காரமாக நிற்கிறது.

கே: ஸ்டீமில் மேக் சின்னம் பார்த்துத்தான் வாங்கினேன். என் மேக்கில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ப: அது பழைய 32 பிட் கேம். 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் அவை ஓடாது. சின்னத்தைப் பார்த்த நீங்கள் கீழே கணினித் தேவைகள் பகுதியையும் பார்த்திருக்கலாம். திருப்பிவிடுங்கள்.

கே: எனக்குக் காது கேட்பது மிகக் குறைவு. மிஸ்ட், தி விட்னஸ் இரண்டில் எதை வாங்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: தி விட்னஸ், ஐயா. மிஸ்டில் ஓர் உலகமே ஒலியை நம்பி நிற்கிறது. ராக்கெட்டில் ஆர்கன் கட்டையின் சுரத்தைக் காதால் பொருத்த வேண்டும், சுரங்க வண்டியை ஒலி கேட்டுத் திசை திருப்ப வேண்டும். தி விட்னஸிலும் காட்டுப் பகுதியின் புதிர்கள் பறவை ஒலியை நம்பியவைதான். ஆனால் கடைசிப் பகுதியான மலையைத் திறக்க, மற்றப் பகுதிகளில் இயக்க வேண்டிய 11 லேசரில் 7 போதும் என்பதால் காட்டை அப்படியே விட்டுவிடலாம். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் இருந்தால் மட்டும் அதையும் வாங்க வேண்டாம், பல கட்டங்கள் நிறத்தை வைத்தே அமைந்தவை. ஒலியே தேவைப்படாமல் உட்கார்ந்து துப்பறிய தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் இருக்கிறது.

இந்த விவரங்களைக் கடைப் பக்கத்திலேயே தெளிவாக எழுத விற்பவருக்கு என்ன கேடு என்று புரியவில்லை.

கே: அம்மாவுக்குப் புதிர் என்றால் உயிர், ஆங்கிலம் வராது. புளூ பிரின்ஸ் நன்றாக இருக்குமா?

ப: வேண்டாம். அதில் 3 பெட்டிகளின் மேல் எழுதிய வாக்கியங்களில் எது மெய், எது பொய் என்று பிரிக்கும் அறையே திரும்பத் திரும்ப வரும். போகப் போக ஆங்கிலச் சொல் விளையாட்டும் கூடும். பேச்சே இல்லாத மெஷினேரியம் வாங்கிக் கொடுங்கள். மாட்டிக்கொண்டால் பாத்திரங்கள் யோசிப்பதும் படமாகத்தான் வரும்.

கே: தள்ளுபடியில் வாங்கிய புதிர் கேமை வாக்த்ரூ வைத்து 4 மணி நேரத்தில் முடித்துவிட்டேன். 20 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். புகார் கொடுக்கலாமா?

ப: யார் மேல்?

கே: போன தீபாவளித் தள்ளுபடியில் 9 கேம் வாங்கினேன், இன்னும் ஒன்றையும் திறக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: 14 நாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். கிடைக்காது. திறந்து ஆடுங்கள்.