பரிசல் துறையில் என்ன அவசரம்?

கேள்வி: காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். வெயிலில் வெகுநேரம் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கும்பல் முந்திப் போய்ப் பரிசலில் ஏறிவிட்டது. கேட்டால், "அவசரமாப் போகணும்க்கா" என்கிறார்கள். சண்டை போடுவதா, விட்டுவிடுவதா?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: விடாதீர்கள், கேளுங்கள். ஆனால் தண்ணீர் ஓரத்தில் நின்று தள்ளுமுள்ளு மட்டும் வேண்டாம், அங்கே பாறை வழுக்கும். முந்துகிறவரோடு மல்லுக்கட்டாமல், "அண்ணா, அடுத்து எங்க முறை" என்று பரிசல் ஓட்டியிடம் சொல்லுங்கள். துறையில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு.

டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலப் பரிசலில் ஏறக்கூடாதுங்க. அது மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை, எந்தப் பக்கம் எடை கூடுகிறதோ அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் ஓட்டி விளிம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கனமானவரை இந்தப் பக்கம், பிள்ளையோடு வருபவரை எதிர்ப்பக்கம் என்று ஒவ்வொருவராக உட்கார வைக்கிறார். ஓட்டியைத் தவிர 4 பேர் என்ற கணக்கும் அதற்குத்தான். சவாரி முடிந்து வந்தவர்கள் இறங்குவதற்குள்ளேயே ஒருவர் குதித்து ஏறினால், உள்ளே எழுந்து நிற்கிற பாட்டியின் கதி என்ன? அப்புறம், லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டினால் போதாது, பட்டையையும் பூட்ட வேண்டும். அந்த நேரத்தைக்கூடக் கொடுக்காமல் பின்னாலிருந்து விசில் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வருகிறது. கூடுதல் காசு கொடுத்து வரிசையைத் தாண்டுகிறவர்களை என்னவென்று சொல்ல! கைக்குழந்தைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் நீங்களாகவே வழிவிட்டால் அது வேறு, தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் போன அன்று திடீரென்று பரிசலை நிறுத்திவிட்டார்கள். ஆறு அமைதியாகத்தான் இருந்தது. காத்திருந்தவர்கள் ஓட்டிகளிடம் கத்தியதில் என்ன தப்பு?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: தப்புதான். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடும் தண்ணீர், எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலு வழியாகத்தான் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் வரத்தை அளக்கிறது, வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது. துறையில் நின்று ஆற்றைப் பார்த்தால் மேலே என்ன வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது. தடை போட்டது ஓட்டியும் இல்லை, அவருக்கும் அன்றைய கூலி போச்சு. கட்டிய பணத்தைப் பற்றிச் சீட்டு கொடுத்த இடத்தில் போய்க் கேளுங்கள்.