முதல் தந்தி வாத்தியம் யுகுலேலேதான். ஆனால் ஒரு வாரம் பொறுங்கள்

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதுவரை எந்த வாத்தியமும் வாசித்ததில்லை. முதன்முதலாகப் பழக எந்தத் தந்தி வாத்தியம் ஏற்றது?

யுகுலேலே, கிட்டாரைப் போன்ற சிறிய வாத்தியம். நானே 43 வயதில்தான் அதைக் கையில் எடுத்தேன். அதற்கு முன் நண்பரிடம் கிட்டாரை இரவல் வாங்கி இரண்டு மாதம் முயன்றேன். எஃகுத் தந்திகள் விரல் நுனியைக் கன்ற வைத்ததுதான் மிச்சம்.

யுகுலேலேயில் இருப்பவை நான்கே தந்திகள், அவையும் நைலான். மேலிருந்து எண்ணினால் நான்காவதான ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) மோதிர விரலை வைத்து, மற்ற மூன்றையும் அழுத்தாமல் மீட்டினால் சி மேஜர் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, வந்துவிடும். கிட்டாரில் இதற்கு மூன்று விரல்கள் வேண்டும். விரலை மெட்டின் மேலேயே வைக்காதீர்கள், ஒலி மங்கிவிடும். அதை ஒட்டினாற்போல், பிருடைகள் (தந்தியை முறுக்கும் திருகுகள்) இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளி அழுத்துங்கள். முதல் நாள் மாலையே ஒரு முழுக் கார்ட் என் கையிலிருந்து எழுந்தபோது கிடைத்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. இரவு சுருதி சேர்த்து வைத்த நான்கு தந்திகளும் இறங்கிக் கிடந்தன. சேர்த்தேன், பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கின. நான்கு நாள் இப்படியே போராடிவிட்டு, பிருடை பழுது என்று முடிவுகட்டி வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் பிருடையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு தந்தியையும் விரலால் கொக்கிபோல் பிடித்து மெதுவாக மேலே இழுத்து விட்டார், சுருதி சேர்த்தார், மறுபடி இழுத்தார். “புது நைலான் நீளும் சார். தினமும் இப்படிச் செய்யுங்கள், படிந்துவிடும்” என்றார். மூன்றே நாளில் படிந்துவிட்டது. பலர் இந்த வாரத்தில்தான் தமக்கு இசைக் காது இல்லை, கை வராது என்று கருவியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

1879-இல் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன போர்த்துகீசியர்கள் கையோடு கொண்டுபோன சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது இது. ஆனாலும் நம் காதுக்கு இதில் ஓர் அருமையான பொருத்தம் உண்டு. தந்திகள் வரிசையாக ஜி, சி, இ, ஏ. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ப, ச, க, த! மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு அழுத்தாமலே கிடைக்கின்றன. சி தந்தியின் இரண்டாம் மெட்டு ரிஷபம். மேல் ஷட்ஜம், முதல் நாள் விரல் வைத்த ஏ தந்தியின் அதே மூன்றாம் மெட்டு. மேலே இருக்கும் ஜி தந்தி, அடுத்த சி-யை விட மேல் சுருதியில் ஒலிப்பது மற்ற பல வாத்தியங்களின் வழக்கத்துக்கு மாறானது. பஞ்சமத்துக்கு மட்டும் விரல் பின்னால் திரும்பிப் போக வேண்டும். அது இரண்டு நாளில் பழகிவிடும். மூன்றாம் வாரம் ஆரோகணத்தை மெல்ல வாசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா, “மோகனமா?” என்று கேட்டார். கமகத்தை வீணைபோல் இழுத்துப் பிடிக்க இதில் முடியாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கும்போது சொப்ரானோ, கான்சர்ட், டெனர் என்று அளவுகள் காட்டுவார்கள். விரல்கள் தடிமனாக இருந்தால் கான்சர்ட் வாங்குங்கள்; சொப்ரானோவில் மெட்டுகள் நெருக்கமாக இருக்கும். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு தந்தியையும் அழுத்தாமல் ஒருமுறை, பன்னிரண்டாம் மெட்டில் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே சுரமாக, ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில் காட்ட வேண்டும். நன்றாக விலகிக் காட்டினால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.