ரோட் பைக் (ரோட்டுல வேகமா ஓட்டுற சைக்கிள்) வாங்க 5000 வெள்ளிதான் இருக்கு. தோட்டத்து ரோட்டுலதான் ஓட்டுவேன், எப்பயாவது கேமரன் மலை ஏறணும். கார்பன் பிரேமா, அலுமினியமா?

அலுமினிய பிரேம், முன் சக்கரத்த புடிக்கிற போர்க் மட்டும் கார்பன், மிச்ச காசுக்கு நல்ல டயர். பதில் இவ்வளவுதான். அவசரமா இருக்கிறவங்க இங்கயே போயிடலாம், இனிமே வர்றது என் கதை.

உங்ககூட ஓட்டுற கோஷ்டி கார்பன்தான் வாங்கணும்னு காதுல ஓதிட்டு இருப்பாங்க, சரியா? இல்லனா இந்த கேள்வியே வந்திருக்காது. நான் பிடோர் பக்கம், செம்பனை மில்லுல பிட்டர். "நீ என்ன பெரிய இன்ஜினியரா"ன்னு கமென்ட் போட வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுறேன், இல்லைங்க. ஆனா வெல்டிங் எந்த இடத்துல விடும், போல்ட் எப்ப அறுந்துக்கும்னு தினம் பாத்து சம்பளம் வாங்குறவன்.

கார்பன் பிடிக்காதவனும் இல்ல. போனஸ் காசுல புதுசா ஒண்ணு வாங்கினேன், இன்னும் வீட்டுல இருக்கு. ஓட்டுறதுக்கு அருமையான சாமான், பொய் சொல்லக்கூடாது. லோரி ஓடி ஒடஞ்ச தார் ரோட்டுல வர்ற அந்த நடுக்கம் கைக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி அடங்கிடும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல தாப்பாவுல பசியாற உக்காந்தோம், பைக்க சுவத்துல சாத்தி வச்சிருக்கு, ஒரு பெரியவர் மோட்டர பின்னால தள்ளி எடுக்குறாரு, ஹேண்டில் முனை நேரா வந்து பிரேமோட மேல் குழாய் டாப் ட்யூப்ல ஒரு குத்து. பெருசா சத்தம்கூட இல்ல. "பெயின்ட்தான்ப்பா போயிருக்கு"ன்னாரு. பாத்தா அப்படித்தான் இருந்துச்சு, அஞ்சு காசு அளவுக்கு ஒரு எடம், நடுவுலேருந்து நாலு பக்கமும் மயிரிழை மாதிரி கீறல்.

வீட்டுக்கு வந்து இருபது காசு எடுத்து ட்யூப் நெடுக தட்டிப் பாத்தேன். மத்த எடமெல்லாம் டிக் டிக்னு கேக்குது, அந்த எடம் வந்ததும் தப் தப்னு செத்த சத்தம். கார்பன்ங்கறது நூல் நூலா இருக்கிற பைபர எபாக்ஸி பிசின்ல ஊற வச்சு, அடுக்கு மேல அடுக்கா ஒட்டி வேக வச்சது. பைபர் எந்த திசையில ஓடுதோ அந்த பக்கம் இழுத்தா இரும்பே தோத்துடும். ஆனா மெல்லிசான ட்யூப் சுவத்துல பக்கவாட்டுல ஒரே புள்ளியில குத்து விழுந்தா மேல பெயின்ட் நல்லா இருக்க உள்ள அடுக்கு பிரிஞ்சு போயிருக்கும். நாணயம் தட்டுறது ஒரு சந்தேகத்துக்குத்தான், அதை வச்சு முடிவு பண்ண முடியாது, ஜாயின்ட் பக்கத்துல அடுக்கு தடிப்பா இருந்தா சத்தம் எப்படியும் மாறும். சரியா பாக்கணும்னா அல்ட்ராசவுண்ட் வச்சுத்தான் பாக்கணும்.

இங்கதான் பிரச்சனையே. நம்ம ஊரு சைக்கிள் கடை முதலாளி தவுக்கே தடவிப் பாத்துட்டு "இத நான் தொடமாட்டேன், நாளைக்கு நீ விழுந்தா என்னைத்தான் சொல்லுவ"ன்னுட்டாரு. நேர்மையான மனுஷன். ஈப்போவுல ஒரு கடையில கேட்டா கேஎல்லுக்கு கொண்டு போன்னாங்க. வாங்குன எடத்துல வாரண்டி கேட்டா, அடிபட்டதுக்கு கிடையாது, செஞ்ச குறைக்கு மட்டும்தான்னு ஒரு வரி மெசேஜ். கடைசியில கேஎல்லுல ஒரு ஆளு சோதிச்சுப் பாத்து, அந்த எடத்த தேய்ச்சு எடுத்து புது பைபர் சுத்தி குடுத்தாரு. பெயின்ட் தனி கணக்கு, போய் வந்த டோல், எண்ணெய் காசு தனி. வேலை சுத்தமா இருக்கு, குறை சொல்லமாட்டேன். ஆனாலும் கேமரன் ரோட்டுல லாத்தா இஸ்கண்டார் அருவி பக்கம் எறக்கத்துல வேகமா வர்றப்ப கண்ணு ரோட்ட விட்டுட்டு அந்த ட்யூப்புக்கு போகுதே, அதுக்கு யாரு வாரண்டி குடுக்குறது?

அதனால ஒரு 6061 ரக அலுமினிய பிரேம் வாங்கி சாமான் எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டேன். அதுலயும் கல்லு தெறிச்சு கீழ் குழாய் டவுன் ட்யூப்ல ஒரு நெளிவு விழுந்திருக்கு. கண்ணுக்கு தெரியுது, விரல வச்சா தெரியுது, வெல்டு பக்கத்துல இல்ல, கீறலும் ஓடல. ஓட்டிட்டு இருக்கேன். அலுமினியம் சாகாதுன்னு சொல்ல வரல. இரும்புக்கு ஒரு அளவுக்கு கீழ எவ்வளவு ஆட்டினாலும் தாங்கும்னு ஒரு எல்லை இருக்கு, அலுமினியத்துக்கு அது இல்ல, ஓட ஓட களைச்சுக்கிட்டேதான் போகும். ஆனா பெரும்பாலும் வெல்டு ஓரத்துலதான் கோடு விடும், கழுவுறப்ப துணியால தொடச்சுப் பாத்தாலே ஆரம்பத்துலயே புடிச்சிடலாம். பாக்கறதுக்கு கேஎல் போக வேணாம்.

இத எங்க குரூப்புல சொன்னப்ப ஒருத்தன் "என்னா மச்சான், பால் வாளியில வந்திருக்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டி அலுமினிய வாளியிலதான் பால் தூக்குனாங்க, சிரிச்சவன்ல பாதிப் பேரு வீட்டுலயும் அதே வாளிதான். 1998ல இத்தாலிக்காரன் பந்தானி டூர் டி பிரான்ஸ் ரேஸ் ஜெயிச்சது அலுமினிய பியாங்கி சைக்கிள்லதான்டான்னு சொன்னேன், யாரும் காதுல வாங்கல. இதுல வருஷா வருஷம் ஜெர்சி வேற மாத்துறாங்க. காசு நம்ம குடுக்கணும், முதுகுல ஸ்பான்சர் மூஞ்சி இவ்வளவு பெருசா, குரூப் பேரு பாக்கெட்டுக்கு கீழ எறும்பு சைஸ்ல. மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவனுக்காக அரை மணி நேரம் தள்ளி கிளம்பலாம்னா முடியாது, போட்டோ வெளிச்சம் போயிடுமாம். சரி விடுங்க, கேள்விக்கு வருவோம்.

எடைதான எல்லாரும் பேசுறது. நீங்க சொல்ற விலைக்கு கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் பிரேம்ல ஒரு அரை கிலோ வித்தியாசம் வரும்னு வச்சுக்குவோம். நான் 83 கிலோ, பைக்கும் தண்ணியும் சேத்தா 93. தாப்பாவுலேருந்து கேமரன் மேல இருக்கிற தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர், எனக்கு நாலு மணி நேரம். அரை கிலோ கொறஞ்சா ஒன்றரை நிமிஷம்கூட மிச்சமாகாது. வழியில ரிங்லெட்ல தேத்தண்ணி ஆத்துறதுக்கே அதவிட நேரம் புடிக்குது. ரேஸ் ஓட்டுறவனுக்கே 6.8 கிலோவுக்கு கீழ பைக் இருக்கக்கூடாதுன்னு உலக சைக்கிள் சங்கம் யூசிஐ 2000லேருந்து சட்டம் போட்டு வச்சிருக்கு.

சொகுசுக்கு பிரேம விட டயர் முக்கியம். 32 மில்லிமீட்டர் அகல டயர் நுழையிற பிரேமா பாருங்க, காத்த கொஞ்சம் கொறைச்சு ஓட்டுங்க, செம்மண் ரோடே பாதி நல்லா ஆயிடும். 5000 வெள்ளிக்கு கார்பன் கிடைக்காம இல்ல, ஆனா பிரேம்ல குடுத்த காச வீல்லயும் பிரேக்குலயும் புடிங்கியிருப்பாங்க. மத்தியானம் மழை புடிச்சதும் கேமரன் எறங்குறப்ப உங்கள காப்பாத்தப் போறது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தான். பெடல் சுத்துற அச்சு உக்கார்ற பாட்டம் பிராக்கெட் மரை போட்டதா கேட்டு வாங்குங்க. அடிச்சு எறக்குற பிரஸ் பிட் வகை நம்ம மழைக்கும் மண்ணுக்கும் கிரீச் கிரீச்னு கத்த ஆரம்பிச்சா தவுக்கே உங்கள பாத்ததும் கடைய சாத்திடுவாரு.

இல்ல எனக்கு கார்பன்தான் வேணும்னா தாராளமா வாங்குங்க, உங்க காசு. ஆனா முறுக்கு அளவு காட்டுற சின்ன டார்க் ரெஞ்ச் ஒண்ணு சேத்து வாங்கணும். ஹேண்டில புடிக்கிற ஸ்டெம் போல்டுக்கு சாதாரணமா 5 நியூட்டன் மீட்டர் சுத்திதான் இருக்கும், எங்க மில்லுல இருக்கிற ரெஞ்சு 40லதான் ஆரம்பிக்குது, கை அளவுல முறுக்கி நசுக்கிடாதீங்க. சீட்ட தாங்குற சீட் போஸ்டுக்கு வழுக்காம புடிக்கிற கார்பன் பேஸ்ட் போட்டு மாட்டணும். கார்பனும் அலுமினியமும் சேர்ற எடத்துல வேர்வையும் மழைத் தண்ணியும் எறங்குனா அரிச்சுப் புடிச்சுக்கும், அப்பப்ப உருவி தொடச்சு திருப்பி போடணும். செகண்ட் ஹேண்ட் கார்பன மட்டும் போட்டோ பாத்து வாங்காதீங்க, முக்கியமா புதுசா பெயின்ட் அடிச்சத.

இரும்பும் நல்லதுதான், எடைய பத்தி கவலையில்லனா. உள்பக்கம் துருப்புடிக்காம இருக்க எண்ணெய் தெளிச்சு வைக்கணும். டைட்டானியம் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அந்த விலைக்கு நான் வீட்டு கூரைய மாத்திடுவேன். பிரேம் சைஸ் 54ஆ 56ஆன்னும் கேக்காதீங்க, கடைக்கு போய் ஏறி உக்காந்து பாத்துட்டு வாங்குங்க.