முந்நூறு வருஷம் ஆண்டும் ஸ்பானிஷ் வரவில்லையா?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாம். பெயரெல்லாம் சான்டோஸ், குரூஸ், கார்சியா. ஆனால் ஒருவருக்கும் ஸ்பானிஷ் பேச வராதாம். ஏன் அப்படி?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான் அம்மா. நானும் கப்பலில் அவர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன். தங்களுக்குள் தகலாக் என்ற அவர்கள் ஊர் மொழியில் பேசுவார்கள். வாட்ச், அதாவது காவல் முறை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் "அலாஸ் குவாத்ரோ" என்று ஸ்பானிஷில் மணி வரும். டிசம்பர் 16 ஆனதும் ஊரில் நடக்கும் விடியற்காலைப் பூசையை நினைத்து முகம் வாடிவிடும்.

1565 முதல் 1898 வரை ஸ்பெயின் ஆட்சி. ஆனால் பல ஊர்களில் கண்ணில் படும் ஒரே ஸ்பெயின்காரர் பங்குச் சாமியார்தான். அவர் ஊர் மொழியைக் கற்றுக்கொண்டார். தன் மொழியைக் கற்றுத்தரவில்லை. 1593-ல் மணிலாவில் அச்சான ஞானோபதேசப் புத்தகத்தில் தகலாகும் உண்டு. நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் அதற்கு முன்பே, 1578-ல், 'தம்பிரான் வணக்கம்' என்று தமிழில் அச்சிட்டுவிட்டார். சாமியார்களுக்கு இதில் பக்தி மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஸ்பானிஷ் தெரிந்தவன் மேலிடத்துக்கு நேரே மனு எழுதிவிடுவானே!

மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611-லேயே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஆரம்பப் பள்ளி வைக்க உத்தரவு வந்ததோ 1863-ல்தான். அதையும் மேற்பார்த்தவர் அதே சாமியார். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887-ல் ஸ்பானிஷில் நாவல் வெளியிட்டார். அவர் நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அப்புறம் அமெரிக்கர்கள் வந்தார்கள். 1901-ல் 'தாமஸ்' என்ற கப்பலில் ஐந்நூறு வாத்தியார்களைக் கொண்டுவந்து இறக்கி, பள்ளிகளில் இங்கிலீஷைப் புகுத்தினார்கள்.

பெயர் விஷயம் வேறு. சான்டோஸ், குரூஸ் போன்றவை ஞானஸ்நானத்தோடு ஒட்டிக்கொண்டவை, நம் கரையில் பெர்னாண்டோ வந்த மாதிரி. ஊரெல்லாம் ஒரே பெயராக இருந்தால் வரிக் கணக்கு எப்படி எழுதுவது? 1849-ல் கவர்னர் கிளாவேரியா அகரவரிசையில் குடும்பப்பெயர்ப் புத்தகம் ஒன்றை அனுப்பி, இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் சில ஊர்களில் இன்றைக்கும் பலருக்குக் குடும்பப்பெயர் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். கப்பலில் இரண்டு கார்சியா இருந்தால் அண்ணன் தம்பி என்று உங்கள் மகன் நினைத்துவிட வேண்டாம்.