மூச்சடக்கும் உரையை எழுத்தறிவுக் கதையாக வாசிக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மாயவித்தைக் கலைஞர் டேவிட் பிளேன் 2009-இல் டெட்மெட் என்ற மருத்துவ உரை மாநாட்டு மேடையில், 17 நிமிடங்களுக்கு மேல் மூச்சை அடக்கியது எப்படி என்று ஆற்றிய உரையை எழுத்தறிவுக் கதையாக ஆராய்ந்து எழுதும்படி உங்கள் கல்லூரியில் இடுபணி கொடுத்திருக்கிறார்கள், புத்தகமோ பேனாவோ முக்கியமாக இடம்பெறாத ஓர் உரையை எப்படி அவ்வாறு வாசிப்பது? கோலாலம்பூரில் பல ஆண்டுகளாகக் கட்டுரை எழுதக் கற்பித்து வருபவன் என்ற முறையில், முடியும் என்றே சொல்வேன். ஆனால் உரை முழுவதையும் அப்படி வாசிக்க முற்பட்டால் உங்கள் வாதம் வலுவிழந்துவிடும்.

ஒருவர் வாசிக்கவும் எழுதவும் கற்ற விதத்தையும், அதற்குத் துணை நின்றவர்களையும் தடுத்தவர்களையும், கற்றபின் அவர் வேறொரு மனிதராக மாறியதையும் சொல்வதே எழுத்தறிவுக் கதை. அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் எஜமானர் அதை நிறுத்தச் சொன்னதும் இவ்வகைக்குப் பலரும் காட்டும் சான்று. பின்னாளில் ஆய்வாளர்கள், ஒரு துறையின் குறிகளைப் படித்துப் பொருள் கொள்ளும் திறனையும் எழுத்தறிவு என்றே கருதத் தொடங்கினார்கள். பிளேனின் உரை உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அவர் படிக்கக் கற்றது தம் உடலை.

உரையின் தொடக்கத்தில் அவர் செய்வதெல்லாம் தவறான வாசிப்பு. உறைந்த ஆற்றில் விழுந்து முக்கால் மணி நேரம் நீருக்கடியில் கிடந்தும் உயிர் பிழைத்த ஒரு சிறுவனைப் பற்றி அறிந்து, குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, பனிக்கட்டி நிரப்பிய தொட்டிக்குள் இறங்கினார். உடல் வெடவெடத்ததில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆறு நிமிடத்தைத் தாண்டினால் மூளை பாதிக்கப்படும் என்று நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். அதன் பிறகு, ஒளித்துவைத்த கருவியால் மூச்சுவிட்டுப் பார்வையாளர்களை ஏமாற்றவும் வழி தேடினார். அவையெல்லாம் சரிவராதபோதுதான் முத்துக்குளிப்பவர்களைப் பற்றித் தேடிப் படித்து, அவர்கள் வழியாக மூச்சடக்கி மூழ்கும் வீரர்களின் உலகத்தைக் கண்டடைந்தார். அந்த உலகத்துக்கென்று தனிச் சொற்களும் விதிகளும் அன்றாடப் பாடங்களும் உண்டு. காலையில் எழுந்ததும் 52 நிமிடங்களில் 44 நிமிடங்கள் மூச்சின்றி இருக்கும் பயிற்சியும் அவற்றுள் ஒன்று. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி இங்கே அமைய வேண்டும்.

மூச்சை அடக்கும்போது நெஞ்சு துடித்து ‘போதும்’ என்று கதறுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அன்று, இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால். கற்காதவனுக்கு அந்தத் துடிப்பு மரண பயம். கற்றவனுக்கோ அது இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லும் குறி. ஒரே குறியை இருவர் இருவிதமாகப் படிக்கும் இந்த இடத்தை வைத்தே இரண்டு பத்திகள் எழுதலாம்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமானால் பத்துமலையைப் பாருங்கள். தைப்பூசத்தன்று முதன்முறை அலகு குத்திக்கொள்ள நிற்கும் இளைஞனின் கண்ணையும் மூச்சையும் கவனித்து, ‘இன்னும் கொஞ்சம் பொறு தம்பி’ என்று உறுமி மேளத்தைத் தொடரச் சொல்லும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பார். 272 படிகளையும் அந்த இளைஞன் தன் காலாலேயே ஏறுகிறான் என்றாலும், உடலை எப்போது நம்பலாம் என்ற வாசிப்பு அவனுக்குப் பிறரிடமிருந்து வருகிறது. எழுத்தறிவு ஆய்வாளர் டெபோரா பிராண்ட் 1998-இல் எழுத்தறிவின் புரவலர்கள் (பிறர் எழுத்தறிவு பெறத் துணை நிற்பவர்கள் அல்லது தடுப்பவர்கள்) என்று விளக்கியவர்களோடு அந்தப் பெரியவரையும் பிளேனுக்குப் பாடம் சொன்னவர்களையும் சேர்க்கலாம். புரவலருக்கும் அதில் ஆதாயம் உண்டு என்பது பிராண்டின் வாதத்தில் முக்கியமானது. பிளேன் கதையில் தொலைக்காட்சியை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

2006-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஒரு வாரம் நீர்க்கோளத்துக்குள் இருந்துவிட்டு 8 நிமிடம் 58 வினாடி என்ற சாதனையை முறியடிக்க முயன்று, 7 நிமிடம் 8 வினாடியில் வெளியே இழுக்கப்பட்டதை விரைவாகக் கடந்துவிடலாம். 2008 ஏப்ரல் 30 அன்று ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் மீண்டும் நீருக்குள் மூச்சடக்க முயன்றபோது நடந்ததில்தான் நிதானிக்க வேண்டும். பயிற்சியில் நிமிடத்துக்கு 38 வரை இறங்கிய இதயத்துடிப்பு, அன்று நூறைத் தாண்டி நின்றது. துடிப்பைக் காட்டும் கருவி தலைக்குப் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது; ஒவ்வொரு ஒலியும் பதற்றத்தைக் கூட்டியது. தன்னை வாசிப்பதே தன்னைக் குலைக்கும் நிலை அது, எழுத்தறிவுக் கதைகளில் அரிதாகக் கிடைப்பது. கடைசி நிமிடங்களில் துடிப்பு தாறுமாறாக எகிறியும் சரிந்தும் போனபோது, மயங்கினால் தூக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நீருக்கடியில் பிடித்து வைத்திருந்த பிணைப்பிலிருந்து கால்களை விடுவித்துக்கொண்டார். 17 நிமிடம் 4 வினாடி என்ற எண்ணைவிட அந்தக் கால்களை விடுவித்த செயலே உங்கள் வாதத்துக்கு உதவும். முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்துப் படைத்த சாதனை அது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வலியைத் தாங்கினார், மன உறுதியால் வென்றார் என்பது போன்ற பகுதிகளை எழுத்தறிவு என்ற பெயருக்குள் அடைக்க வேண்டாம். அது வெறும் தன்னம்பிக்கைப் பேச்சு; மேடையில் கைதட்டல் வாங்கியதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. வகுப்பில் யாராவது இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். வேகவேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிய பின் நீருக்குள் இறங்கினால், மூச்சுவிடச் சொல்லும் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் நீச்சல் குளங்களில் இப்படி இறந்திருக்கிறார்கள்.