பெண்மை பற்றி, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் ஃபிராய்டு சொன்னது இன்றும் செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. ஆண்குறி இல்லாத ஏக்கம் பெண்ணுக்கு உண்டு, அவளுடைய நியாய உணர்வும் ஆணைவிடக் குறைவு என்று 1925-ல் எழுதினார். ஆதாரம்? அவரிடம் சிகிச்சைக்கு வந்த சிலர்தான்.

இங்கே கோத்தகிரியில் தேயிலை எடை போடும்போது அவர் வந்து நின்றிருக்கலாம். ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால், தராசிலிருந்து மூட்டையை எடுக்கவிடாமல் கணக்குக் கேட்பார் பக்கத்து வீட்டு அக்கா. நியாய உணர்வு குறைவாம்!

உளப்பகுப்பாய்வாளரான கேரன் ஹார்னி என்ற பெண்மணி அப்போதே மறுத்தார்: ஏக்கம் உறுப்பின் மேல் அல்ல, ஆணுக்குக் கிடைக்கும் சலுகையின் மேல். அப்புறம், மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் திறன் குறையும் என்ற கருத்தை உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் 1914-லேயே சோதித்தார்; குறையவில்லை.

தன் விளக்கம் முழுமையற்றது என்று 1933-ல் ஃபிராய்டே ஒப்புக்கொண்டார். அதை மட்டும் பலர் மேற்கோள் காட்டுவதில்லை.