இதழெல்லாம் இணையத்தில் வந்தாச்சு, நூலகருக்கு என்ன வேலை?

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தபின் ஆய்வு மாணவர்கள் இதழ்களை மடிக்கணினியிலேயே படித்துக்கொள்கிறார்கள். பருவ இதழ் அறையைக் கணினி ஆய்வகத்துக்கு விட்டுத்தரச் சொல்கிறார் முதல்வர். கருத்தரங்குக்குப் போனால், ஆய்வுக் கட்டுரைகளையும் தரவுகளையும் எல்லோருக்கும் திறந்து வைக்கும் 'திறந்த அறிவியல்' என்கிறார்கள். சர்வரும் இல்லாமல், கூட ஆளும் இல்லாமல் நான் அதில் என்ன செய்ய முடியும்?

பதில்: அறையைக் கொடுத்துவிடுங்கள். அதற்காக மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சந்தா வேலையைக் காந்திநகரில் இருக்கும் பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையமான இன்ஃப்ளிப்நெட் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி நாம் படிப்பதற்குத்தான். உங்கள் கல்லூரியில் நடக்கும் ஆய்வு வெளியே போக வழி செய்வது யார்? அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

ஆய்வேடு பல்கலைக்கழகம் வழியாக ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். அதற்கு அடிப்படையான தரவு மாணவரின் பென் டிரைவிலேயே தங்கிவிடும். உங்கள் முதல் வேலை அங்கேதான்.

ஒருமுறை விலங்கியல் மாணவி ஒருவர் ஏரி நீர் அளவீடுகளை எக்செல் கோப்பாகக் கொண்டுவந்தார். கோப்பின் பெயர் 'ஃபைனல் புதுசு 2'. ஒரு பத்தியின் தலைப்பு வெறும் 'டி'. வெப்பநிலையா, கலங்கல் அளவா என்று கேட்டேன். அவரே நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னார். சில கட்டங்கள் காலி, சிலவற்றில் பூஜ்யம். அளக்கவே இல்லையா, அளந்து பூஜ்யம் வந்ததா? 03/04 என்றால் மார்ச்சா, ஏப்ரலா? இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தோம். பத்திகளுக்கு முழுப் பெயரும் அலகும் கொடுத்தோம், தேதியில் ஆண்டை முன்னால் வைத்தோம், எந்தக் கருவியில் எங்கே எப்போது அளந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம். பிறகு எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றிச் செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினோம். நம் பட்டியலிடும் வேலையின் அதே பழக்கம்தான், பொருள் மட்டும் வேறு.

செனோடோவை 2013 முதல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் நடத்துகிறது. கட்டணம் கிடையாது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், கோப்பை எப்போதும் தேடி எடுக்க உதவும் நிலையான டிஓஐ அடையாள எண்ணும் கிடைக்கும். ஆகவே சர்வர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வெளியிட்டபின் நினைத்தபோது அழிக்க முடியாது, புதிய பதிப்பு மட்டும் சேர்க்கலாம். நெறியாளரின் சம்மதம் வாங்கிவிட்டு பொத்தானை அழுத்துங்கள். நோயாளி விவரம், பெயரோடு எடுத்த நேர்காணல், அரிய உயிரினம் இருக்கும் சரியான இடம் ஆகியவற்றைத் திறந்து வைக்கக் கூடாது. கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு விவரக் குறிப்பை மட்டும் காட்டலாம்.

கட்டுரைகளுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். இதழ் ஏற்றுக்கொண்டது என்று மின்னஞ்சல் வந்த அன்றே, ஆசிரியர் திருத்தி முடித்து அனுப்பிய இறுதிப் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிப்பகம் அச்சுக்கோத்த பிடிஎஃபைப் பொதுவில் வைக்கப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. ஆசிரியரின் பிரதியைப் பல பதிப்பகங்கள் 6 அல்லது 12 மாதம் கழித்து அனுமதிக்கும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அது யாரிடமும் இருக்காது.

எந்த இதழுக்கு அனுப்புவது என்றும் உங்களிடம் வருவார்கள். 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய தன் 'கேர்' பட்டியலைக் கைவிட்டது. பணம் பறிக்கும் போலி இதழ்களை அடையாளம் காட்டும் பொறுப்பு இப்போது கல்லூரியின் தலையில்தான். எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு, அவற்றைச் சரிபார்த்துத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் தேடுங்கள். அதை 2003-இல் தொடங்கியதே சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக நூலகம்தான்!

தமிழ்த் துறையை மறந்துவிடாதீர்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆய்வேடுகளில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். திரையில் அழகாகத் தெரியும், தேடினால் சிக்காது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, மெய்ப்புப் பார்த்து, தலைப்பையும் சுருக்கத்தையுமாவது ஏற்றுங்கள். கண் வலிக்கிற வேலைதான். ஆனால் அதை வேறு எந்த ஊர் நூலகமும் உங்களுக்காகச் செய்யாது.

மாணவர்கள் தரவைத் தருவார்களா என்று கேட்பீர்கள். படிப்பு முடித்துப் போகும்போது 'நோ டியூ' படிவத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒருவரும் போக முடியாதே! அறைச் சாவியைக் கொடுக்கும் அன்றைக்கே முதல்வரிடம் பேசி, அந்தப் படிவத்தில் 'தரவுக் கோப்பு ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.